சிங்காசனத்திலிருந்து இறங்கிய கடவுள்

ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடியை இங்கிலாந்து ஒரு பட்டப்பெயரால் நினைவில் வைத்திருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரான்சின் ரூவான் ரயில் நிலையத்தில், போர்முனைக்குப் புறப்படும் ரயில்களில் பெட்டி பெட்டியாக நடந்துபோய், ஒரு தோள்பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் மறு தோள்பையிலிருந்து வுட்பைன் சிகரெட்டையும் எடுத்துக் கொடுத்த ஆங்கிலிக்கன் பாதிரியார் அவர். வுட்பைன் அந்நாளில் கூலித் தொழிலாளர்களின் மலிவான சிகரெட். சிப்பாய்கள் அவரை 'வுட்பைன் வில்லி' என்று அழைத்தார்கள். அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத உதவினார், கேன்டீனில் அவர்களோடு பாட்டுப் பாடினார், ரயில் நகரும்வரை கூடவே நின்றார். 1929இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியின் மேல் ஒரு வுட்பைன் பொட்டலம் வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். இந்தச் சித்திரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நூறாண்டுகளாக இது அவரை நமக்குக் காட்டியதைவிட மறைத்ததே அதிகம். அன்பான, கொஞ்சம் விசித்திரமான, சிப்பாய்களுக்குப் பிடித்த ஒரு சாமியாராக அவரை வைத்துக்கொண்டால், அவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு திருச்சபைக்கும் இல்லை, தேசத்துக்கும் இல்லை. என் பார்வையில், அவருடைய முதன்மையான சாதனை ஒரு சிந்தனைச் சாதனை. விண்ணில் சிங்காசனத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற, எதனாலும் பாதிக்கப்படாத கடவுள் என்ற படிமத்தைப் போர்க்களத்தின் சான்றுகளை வைத்து அவர் விசாரித்தார். அது தாங்காது என்று முடிவு செய்தார். அந்த முடிவைப் போர் முடியும் முன்பே அச்சில் வைத்தார். அந்த விசாரணைக்கு வலிமை தந்தது, அதை நடத்தியவர் குற்றமற்றவராக வெளியே நிற்கவில்லை என்பதுதான்.

அவர் பிறந்தது 1883இல், லீட்ஸ் நகரில். தந்தை அயர்லாந்துக்காரர், குவாரி ஹில் என்ற ஏழைக் குடியிருப்பின் நடுவிலிருந்த புனித மரியாள் ஆலயத்தின் குரு. ஒன்பது பிள்ளைகளில் ஜெஃப்ரி ஏழாவது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் பெற்று, 1908இல் குருப்பட்டம் பெற்று, ரக்பியிலும் லீட்ஸிலும் உதவிகுருவாக இருந்து, 1914இல் வூஸ்டர் நகரின் ஏழைச் சேகரமான புனித பவுல் ஆலயத்துக்குப் பொறுப்பேற்றார். கையில் இருப்பதையெல்லாம் கேட்டவருக்குக் கொடுத்துவிடும் பழக்கம் அப்போதே இருந்தது. சில மாதங்களில் போர் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சேகரத்தின் இதழில், உடல் வலுவுள்ள ஒவ்வோர் ஆணும் படையில் சேர்ந்தாக வேண்டும் என்று தயக்கமின்றி எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பட்டியலில் பெயர் கொடுத்த இளைஞர்கள் அவருடைய சேகரத்திலேயே இருந்திருப்பார்கள். அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோக விரும்புவதைக் காண்கிறேன். அது தவறு. பின்னால் அவர் சொன்னவற்றின் எடை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அவர் மட்டும் அப்படி எழுதவில்லை. அன்றைய ஆங்கிலிக்கன் திருச்சபை அரசின் திருச்சபை. அரசரே அதன் தலைவர். லண்டன் பேராயர் வின்னிங்டன் இங்ராம் 1915இன் வருகைக் காலப் பிரசங்கத்தில், ஜெர்மானியரில் நல்லவர் கெட்டவர், இளையவர் முதியவர் என்று பாராமல் கொல்ல வேண்டும் என்ற அளவுக்குப் போனார்; உலகைக் காப்பதற்காகவே அது என்றார். கேன்டர்பரி தலைமைப் பேராயர் ராண்டல் டேவிட்சன் அவ்வளவு தூரம் போகவில்லை. குருப்பட்டம் பெற்றவர் ஆயுதம் ஏந்துவது அந்தப் பட்டத்துக்குப் பொருந்தாது என்று அவர் சொல்லிவிட்டார். அதையும் மீறிச் சிலர் ஏந்தினார்கள். பள்ளி ஆசிரியராகவும் குருவாகவும் இருந்த பெர்னார்டு வான், காலாட்படை அதிகாரியாகவே போரிட்டு, 1918 செப்டம்பரில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்று, அதைக் கையில் வாங்கும் முன்பே கொல்லப்பட்டார். மற்றவர்களுக்கு இருந்த வழி படைக் குருவாகப் போவது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் எல்லாச் சபைகளையும் சேர்த்து 117 குருமார்களே இருந்தார்கள். போர் முடிந்தபோது 3,400க்கும் மேல். அதிகாரியின் சீருடை, கேப்டனுக்குச் சமமான தகுதி, கையில் ஆயுதம் இல்லை. தொடக்கத்தில் அவர்கள் முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்குப் போவதே தடுக்கப்பட்டிருந்தது. சிப்பாய்களின் கண்ணில் அது கோழைத்தனமாகப் பட்டது. கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் தன் போர் நினைவுக் குறிப்புகளில் ஆங்கிலிக்கன் குருமார்களைப் பற்றி எழுதியிருக்கும் கசப்பு இந்தக் காலத்திலிருந்து வருவது.

1915 டிசம்பரில் ஸ்டடர்ட் கென்னடி பிரான்சுக்குப் போனார். ரூவானில் சில மாதங்கள், பிறகு முன்வரிசை. புதிதாக வந்த குருமார்களுக்கு அவர் சொன்ன அறிவுரையின் சாரம் எளியது: சிப்பாய்கள் போகும் இடமெல்லாம் போ, அவர்கள் படுவதைப் படு, அவர்களோடு ஜெபிக்க எப்போதாவதுதான் வாய்க்கும், அவர்களுக்காக எப்போதும் ஜெபி. அதைக் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் தியோடர் பெய்லி ஹார்டி, ஐம்பதைத் தாண்டிய கிராமத்துக் குரு. காயம்பட்டவர்களை மீட்டதற்காக மூன்று உயரிய விருதுகளை, விக்டோரியா சிலுவை உட்பட, அவர் பெற்றார். போர் முடிய மூன்றரை வாரமே இருந்தபோது ரூவானில் காயத்தால் இறந்தார். இந்த வழியின் மேன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டடர்ட் கென்னடி செய்த இன்னொரு வேலையையும் இதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். குத்துச்சண்டை வீரர்களும் மல்யுத்த வீரர்களும் பயனெட் பயிற்றுநர்களும் அடங்கிய ஒரு குழுவோடு அவர் சில காலம் முகாம் முகாமாகச் சென்றார். கத்தியை எதிரியின் உடம்பில் எப்படிப் பாய்ச்சுவது என்று அவர்கள் காட்டுவார்கள். அதற்கு வேண்டிய மனத்தை இவர் தன் பேச்சால் தயாரிப்பார். அவர் பேச்சாளர். கூட்டத்தைச் சிரிக்கவும் அழவும் வைக்கத் தெரிந்தவர். அந்தத் திறமை முழுவதையும் ராணுவம் பயன்படுத்திக்கொண்டது, அவரும் கொடுத்தார்.

1917 ஜூன் 7 அதிகாலை 3.10 மணிக்கு, பெல்ஜியத்தின் மெசின் மேட்டில் ஜெர்மானிய அரண்களுக்கு அடியில் பிரிட்டிஷ் படை தோண்டி வைத்திருந்த சுரங்கங்களில் 19 வெடித்தன. அதைத் தொடர்ந்த தாக்குதலில் ஸ்டடர்ட் கென்னடி எறிகணைப் பள்ளங்களுக்குள் தேடித் தேடிக் காயம்பட்டவர்களைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுவந்தார். நம்மவரையும் எதிரியையும் ஒரே போலத் தேடினார் என்று அவருக்கு மிலிட்டரி கிராஸ் வழங்கிய அரசு அறிவிப்பே சொல்கிறது. அதே நாளில் நடந்த இன்னொன்றைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே எழுதினார். குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு சிதைந்த தோப்பு வழியாகப் பயத்தில் ஓடிவரும்போது எதிலோ தடுக்கி விழுந்தார். அது செத்துக் கிடந்த ஒரு ஜெர்மானியப் பையன். வயிற்றில் காயம், தலையில் ஓட்டை. வளர்ச்சி குன்றி, சரியான சோறு காணாத உடம்பு. பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டிய முரட்டுப் பிரஷ்யனின் சாயல் எதுவும் அவனிடம் இல்லை. இவனுக்கும் இந்தப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றிய கணத்தில், பையன் மறைந்து அங்கே சிலுவையில் அறையப்பட்டவர் கிடப்பதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தப் போர்க்களத்தையும், பின்னர் உலகத்தையே, சிலுவையாக அன்றி வேறொன்றாகக் காண முடியவில்லை என்கிறார். இதை ஒரு தரிசனம் என்று பக்தியோடு ஒதுக்கிவைப்பது எளிது. நான் இதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். போதித்த படிமத்துக்கும் கண்ட காட்சிக்கும் நடுவில் முரண் வந்தபோது, அவர் காட்சியின் பக்கம் நின்றார்.

அந்த முரணை அவர் வாதமாக வளர்த்தது 1918இல் வெளிவந்த 'தி ஹார்டஸ்ட் பார்ட்' என்ற நூலில். அதன் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனைக் காட்சி. காயம்பட்ட ஓர் அதிகாரி, கடவுள் எப்படிப்பட்டவர் என்று குருவிடம் கேட்கிறார். குரு சுவரில் தொங்கும் சிலுவையைக் காட்டுகிறார். நான் இயேசுவைக் கேட்கவில்லை, சர்வ வல்லமையுள்ள பிதாவைக் கேட்டேன் என்று அதிகாரி மறுக்கிறார். நூல் முழுவதும் இந்த மறுப்புக்குப் பதில்தான். கிறிஸ்தவர்கள் இரண்டு கடவுள்களை வணங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் கண்டது: சிலுவையில் தொங்கும் ஒருவர், அவருக்கு மேலே, அவர் படும் பாட்டை அனுமதித்துக்கொண்டு, அசையாமல் அமர்ந்திருக்கும் இன்னொருவர். அமைதிக் காலத்தில் இந்த இரண்டையும் ஒரே ஆலயத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. பதுங்குகுழியில் முடியவில்லை. எல்லாம் கடவுளின் சித்தப்படி நடக்கிறது என்றால், அந்தப் பையனின் தலையில் விழுந்த ஓட்டையும் சித்தப்படிதான். அப்படிப்பட்டவரை அஞ்சலாம், அன்பு செய்ய முடியாது என்று எண்ணிய சிப்பாய்களை அவர் நாத்திகர் என்று ஒதுக்கவில்லை. அவர்கள் நியாயமாகச் சிந்திக்கிறார்கள் என்றார்.

அவர் எந்த ஒப்பந்தத்தை மீறுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாட்டு விதிகள் 16ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. அவற்றில் முதலாவதே, கடவுளுக்கு உடலும் இல்லை, உறுப்புகளும் இல்லை, பாடுகளும் இல்லை என்கிறது. குருப்பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அந்த விதிகளுக்கு ஒப்புதல் தந்தே பணியில் சேர வேண்டியிருந்தது. 1908இல் ஸ்டடர்ட் கென்னடியும் தந்திருந்தார். பத்தே ஆண்டில், சீருடையோடு, அந்த முதல் விதியைத் தலைகீழாக்கும் நூலை அவர் வெளியிட்டார். பாடுபடாத கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவர் கிறிஸ்துவின் பிதா இல்லை என்பதே அந்த நூலின் மையம்.

நூலின் ஜெபம் பற்றிய அத்தியாயத்தில் வாதம் இன்னும் கூர்மையாகிறது. குண்டுமழைக்கு நடுவே ஒரு பதுங்குகுழி. ஒருவன் நடுங்கிக்கொண்டு, தன்னை மட்டும் காப்பாற்றும்படி கடவுளை இரக்கிறான். பக்கத்தில் ஒரு சார்ஜென்ட் ஓயாமல் கெட்ட வார்த்தைகளால் திட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் குருவுக்கு அந்த ஜெபம் குமட்டுகிறது. சார்ஜென்டின் வசவு அதைவிட மேல் என்று படுகிறது. ஒரு பாதிரியார் போர்க்காலத்தில் இதை அச்சிட்டார் என்பது இன்றும் வியப்பளிக்கிறது. அதிர்ச்சி தருவதற்காக அவர் எழுதவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெபித்தவன் பிழைத்தது ஜெபத்தால் என்றால், ஜெபித்தும் செத்தவனுக்குக் கடவுள் என்ன பதில் சொன்னார்? அவனுடைய தாயும் இங்கிலாந்தில் முழங்காலில் நின்றிருந்தாளே? எறிகணை யாரையும் தேர்ந்தெடுத்து விழுவதில்லை என்பதை முன்வரிசையில் ஒரு வாரம் இருந்த எவரும் அறிவார். அந்த அறிவுக்கு எதிராக, ஜெபத்தை ஒரு கவசமாக விற்பது பொய் என்று அவர் முடிவு செய்தார். ஜெபம் ஆபத்தை அகற்றாது, ஆபத்துக்குள் ஒருவன் மனிதனாக நிற்பதற்கான துணிவைத் தரும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு இது எளியதாகத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆலயங்களில் எழுந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அந்தக் கவசத்தைக் கேட்ட விண்ணப்பங்களாகத்தான் இருந்திருக்க முடியும்.

இதே வாதத்துக்கு ஓர் அரசியல் முனையும் உண்டு. அதை அவருடைய பக்தர்கள் அதிகம் பேசுவதில்லை. பிரிட்டன் எதற்காகப் போரிடுவதாகச் சொன்னது? வலிமையே நியாயம் என்ற, ஜெர்மானியப் பேரரசர் கைசரின் கொள்கைக்கு எதிராக. அப்படியானால் விண்ணுலகில் மட்டும் ஒரு கைசரை வைத்து வணங்குவது எப்படி என்று அவர் கேட்டார். கட்டளையிட்டுக் கீழ்ப்படிய வைக்கிற, எதிர்த்தவரை நொறுக்குகிற, சிங்காசனமும் மேகமும் சூழ்ந்த ஒருவரை மண்டியிட்டு வணங்கப் பழகிய மக்கள், மண்ணிலும் அப்படிப்பட்ட ஒருவர் முன் மண்டியிடுவார்கள். கடவுளின் படிமம் அரசின் படிமத்தை உருவாக்குகிறது. இந்த வாதம் எதிரியோடு நிற்கவில்லை. தன் நாட்டு அரசின் மேல், தன் திருச்சபையின் மேல், தன் ராணுவத்தின் மேல் எல்லாம் அது பாய்ந்தது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் சில்லறையானவை இல்லை. முதலாவது இறையியல் தெரிந்தவர்களின் மறுப்பு. பாடுபடும் கடவுளால் யாருக்கு என்ன பயன்? முழுகுகிறவனோடு சேர்ந்து முழுகுகிறவர் காப்பாற்றுகிறவர் ஆவாரா? தவிர, தொல் திருச்சபையின் ஆசிரியர்கள் கடவுளுக்குப் பாடு இல்லை என்றபோது கல்மனத்தைச் சொல்லவில்லை. மனிதரைப்போல வெளியிலிருந்து தள்ளப்பட்டு, கோபத்திலிருந்து இரக்கத்துக்கும் இரக்கத்திலிருந்து கோபத்துக்கும் ஊசலாடுகிறவர் இல்லை, அவருடைய அன்பு மாறாதது என்பதையே அப்படிச் சொன்னார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஸ்டடர்ட் கென்னடி அந்தப் பழைய ஆசிரியர்களைப் பொறுமையாகப் படித்துப் பிரித்துப் பார்க்கவில்லை. பதுங்குகுழியில் அதற்கு நேரமும் இல்லை. அவருடைய நூலில் இன்னொரு பலவீனமும் உண்டு. கடவுள் வரலாற்றுக்குள் போராடி மெல்ல மெல்ல வெல்கிறார் என்று அவர் சொல்லும்போது, 19ஆம் நூற்றாண்டின் முன்னேற்ற நம்பிக்கை அடியில் ஓடுவது தெரிகிறது. அந்த நம்பிக்கைக்கு மெசின் மேடே போதுமான மறுப்பு. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் அவருடைய அடிப்படை விசாரணை நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ஆலயத்துக்கு வந்த சாதாரண மனிதனின் காதில் விழுந்தது அந்த நுட்பமான கோட்பாடு இல்லை, சிங்காசனம்தான் விழுந்தது. அந்த அதிகாரி மருத்துவமனையில் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி. ஒரு கோட்பாடு அதைக் கேட்கிறவரிடம் என்னவாக மாறுகிறதோ அதற்கும் அதைப் போதிப்பவர்கள் பொறுப்பு. முழுகுகிறவனைப் பற்றிய கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. வல்லமை என்பதைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே பாடுபடுகிறவர் வல்லமையற்றவராகத் தெரிகிறார் என்பார் அவர். அந்த அளவுகோலையே அவர் மறுக்கிறார்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஒவ்வொரு பதுங்குகுழியிலும் சிலுவையைக் காண்பவர் போரைப் புனிதமாக்கிவிடவில்லையா? சிப்பாயின் சாவைக் கிறிஸ்துவின் சாவோடு இணைத்துவிட்டால் அது பலியாகிவிடும். பலி என்றால் அதற்கு ஒரு பயன் இருக்கும். பயன் இருந்தால் அனுப்பியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இது கற்பனையான ஆபத்து இல்லை. போருக்குப் பிறகு ரெஜினால்டு புளோம்ஃபீல்டு வடிவமைத்துப் பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டங்களில் நிறுத்தப்பட்ட தியாகச் சிலுவையின் முகப்பில் வெண்கல வாள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. சிலுவையும் வாளும் ஒன்றாகிவிட்ட தேசிய பக்தி அது. ஸ்டடர்ட் கென்னடியின் போர்க்காலப் பாடல்கள் சில அந்தப் பக்திக்கு எண்ணெய் ஊற்றின என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் மெசினில் அவர் கண்ட சிலுவையில் இருந்தது யார் என்று பாருங்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்த ஆங்கிலச் சிப்பாய் அங்கே இல்லை. அது ஜெர்மானியப் பையன், இவருடைய படை கொன்ற பையன். அந்தச் சிலுவையில் அறைந்தவர்களின் வரிசையில் இவரும் நிற்கிறார்: சேகர இதழில் எழுதியவர், பயனெட் குழுவோடு போனவர். தன் தரப்பின் சாவில் கிறிஸ்துவைக் காண்பது ஆறுதல் தரும். தன் தரப்பு கொன்றவனில் காண்பது குற்றப்பத்திரிகை. புளோம்ஃபீல்டின் சிலுவையில் வாள் இருக்கும் இடத்தில் இந்தச் சிலுவையில் கேள்வி இருக்கிறது. இந்த வேறுபாட்டை அவருடைய எழுத்தே எல்லா இடத்திலும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

மூன்றாவதாக ஒன்று கேட்கப்படும். போருக்கு ஆதரவாகப் பேசி, விருது வாங்கி, பிறகு போரைக் கண்டித்தவரை ஏன் கொண்டாட வேண்டும்? அதே ஆண்டுகளில் சுமார் 16,000 பேர் மனச்சாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். பலர் சிறை சென்றார்கள். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1918இல் சிறையில் இருந்தார். அவர்கள் தொடக்கத்திலேயே சரியாகக் கண்டவர்கள் அல்லவா? ஆம், அவர்கள்தான் தெளிவானவர்கள். மரியாதையில் முதலிடம் அவர்களுக்கு. அந்த இடத்தை ஸ்டடர்ட் கென்னடிக்குக் கேட்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் மறுத்தவர்களின் சொல்லைத் தேசம் கேட்க மறுத்தது. பயந்தவர்கள், துரோகிகள் என்று ஒதுக்கியது. இவரை அப்படி ஒதுக்க வழியில்லை. போரின் மகிமை என்பது பொய் என்று 1920களில் இவர் மேடைகளில் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய சிகரெட்டைப் புகைத்தவர்கள், அவரைக் குண்டுகளுக்கு நடுவே பார்த்தவர்கள். மேலும், ஒரு தேசத்தில் பெரும்பான்மையோர் மறுத்தவர்களாக இருப்பதில்லை, உடன்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். உடன்பட்ட ஒருவர் தன் உடன்பாட்டை மறைக்காமல், அதிலிருந்தே சிந்தித்து வெளியே வர முடியும் என்பதற்குச் சான்று வேண்டியிருக்கிறது. 1919இல் அவர் எழுதிய அடுத்த நூலின் தலைப்பே 'பொய்கள்' என்பதுதான்.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளைப் பற்றி எனக்குக் கலவையான மதிப்பீடே இருக்கிறது. 1922இல் லண்டன் லம்பார்டு தெருவில் புனித எட்மண்டு ஆலயப் பொறுப்பு கிடைத்தது. வங்கிகளின் தெரு அது; குடியிருப்போர் குறைவு. ஆகவே அவர் தொழிற் கிறிஸ்தவத் தோழமை என்ற அமைப்பின் தூதராக நாடெங்கும் சுற்ற முடிந்தது. சுரங்க ஊர்களிலும் ஆலை வாசல்களிலும் பேசினார். வேலையற்றோர் தொகை 1921இலேயே 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சிலுவையை மெசினில் கண்டவர் அதைச் சேரிகளிலும் கண்டது இயல்பு. வறுமை கடவுளின் சித்தம் என்று பேசும் பணக்காரப் பக்தியை அவர் விடாமல் தாக்கினார்; வாதம் ஒன்றுதான், களம் மட்டும் மாறியது. ஆனால் எந்தக் கட்சியிலும் சேர மறுத்தார். முதலாளியும் தொழிலாளியும் மனம் மாறிச் சமரசமாக வேண்டும் என்றே பெரும்பாலும் பேசினார். 1926 மே மாதத்தில் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம் முடிந்த விதத்தைப் பார்த்தால், ஒரு தரப்பின் கையில் மட்டும் அதிகாரம் இருக்கும்போது சமரசம் என்ற சொல் யாருக்கு உதவுகிறது என்பது தெரியும். வல்லமையைப் பற்றி விண்ணுலகில் அவ்வளவு துணிவாகக் கேள்வி கேட்டவர், சுரங்க முதலாளியின் வல்லமையைப் பற்றி அதே அளவு துணிந்திருக்கலாம்.

ஆனாலும் அவருடைய பேச்சு மேலிடங்களில் போதிய அளவுக்கு உறுத்தியிருக்கிறது. அவர் அரசரின் சிற்றாலயக் குருமார்களில் ஒருவர். அரண்மனையில் பிரசங்கம் செய்யும் உரிமை பெற்றவர். 1929 மார்ச் 8 அன்று, லிவர்பூலில் தவக்காலப் பிரசங்கத்துக்குப் போன இடத்தில், 45 வயதில் இறந்தார். வாழ்நாள் முழுவதும் ஆஸ்துமா, விடாத புகைப்பழக்கம், ஓய்வில்லாத பயணம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்ற யோசனையை, அவர் சோசலிஸ்ட் என்ற காரணம் சொல்லி அங்கிருந்த தலைமைக் குரு மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வூஸ்டரில் அடக்கமானார். அதே வெஸ்ட்மின்ஸ்டரில்தான் 1920 நவம்பர் 11 அன்று பெயரறியாப் போர்வீரனின் உடல் வைக்கப்பட்டது. அந்த யோசனையைத் தந்தவரும் மிலிட்டரி கிராஸ் பெற்ற ஒரு படைக் குருதான், டேவிட் ரெயில்டன். ஆர்மந்தியே அருகே ஒரு தோட்டத்தில் பெயரில்லாத கல்லறையைக் கண்டு அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. ரெயில்டனின் எண்ணம் மகத்தானது. லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு ஒரு கல்லறையைத் தந்தது. ஆனால் அந்தப் பெயரற்றவன் பேசமாட்டான். அவன் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்தவன் என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடம் வைக்கப்படவில்லை.

'தி ஹார்டஸ்ட் பார்ட்' தன் நாட்டு இறையியல் துறைகளில் பெரிதாக எடுபடவில்லை. கடவுள் பாடுபடுவாரா என்ற கேள்வியை ஆங்கிலிக்கன் அறிஞர்கள் 1920களில் எடுத்து விவாதித்தார்கள், 1926இல் ஜே. கே. மோஸ்லி அதன் வரலாற்றையே ஒரு நூலாக எழுதினார். ஆனால் பதுங்குகுழிக் கொச்சையில் எழுதிய பாதிரியாரை இறையியலாளராக நடத்தும் வழக்கம் உருவாகவில்லை. அவரை அப்படி நடத்தியவர் வேறொரு நாட்டவர். யூர்கன் மோல்ட்மன் 1926இல் ஹாம்பர்கில் பிறந்தவர். 1943 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்நகரை எரித்தபோது, விமான எதிர்ப்புப் பீரங்கியில் வேலை செய்த பள்ளிச் சிறுவன். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப் போனான், இவர் பிழைத்தார். நான் ஏன் பிழைத்தேன், கடவுள் எங்கே என்ற கேள்வியோடு 1945இல் சரணடைந்து, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் போர்க்கைதியாக இருந்தபோதுதான் முதன்முறையாகப் பைபிளைப் படித்தார். பின்னர் உலகறிந்த இறையியலாளராகி, 1972இல் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூலை வெளியிட்டார். 1980இல் வெளிவந்த நூலில் ஸ்டடர்ட் கென்னடியின் புத்தகத்தை நேரடியாக எடுத்துப் பேசி, ஏறத்தாழ அதே காலத்தில் கார்ல் பார்ட் எழுதிய ரோமர் நிருப விளக்கவுரையைவிட அதிகக் கவனம் பெற்றிருக்க வேண்டியது அது என்று மதிப்பிட்டார். 20ஆம் நூற்றாண்டுப் புரட்டஸ்டண்ட் சிந்தனையைத் திருப்பிய நூலோடு ஒப்பிட்டுச் சொன்ன மதிப்பீடு அது. சொன்னவர் ஜெர்மானியர், ஒரு காலத்தில் ஆங்கிலக் குண்டுக்கு இலக்காக இருந்த பையன்.

இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியில் இன்று மார்ச் 8 ஸ்டடர்ட் கென்னடியின் நினைவு நாள். குரு, கவிஞர் என்று அவரைக் குறிக்கிறார்கள். இறையியலாளர் என்ற சொல் அங்கே இல்லை. 1975க்குப் பிறகு அந்தத் திருச்சபையின் குருமார்கள் 39 விதிகளை வரிக்கு வரி ஏற்க வேண்டியதில்லை. தங்கள் மரபின் வரலாற்று ஆவணங்களில் ஒன்றாக அவற்றை மதித்தால் போதும். ஆனால் முதல் விதி திருத்தப்படவில்லை. பாடுகளற்ற கடவுள் பொது ஜெபப் புத்தகத்தின் பின்பக்கங்களில் அப்படியே அச்சாகி வருகிறார். அந்த விதியை மறுத்து எழுதியவரின் நினைவு நாளும் அதே திருச்சபையில் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது.